மொத்த எடை, காலி எடை

பாடாங் செராய் ஆலை வாசலில்
எடைமேடைக்கு நான்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்,
எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்,
மறுபடி எழுதுவேன்.
இரண்டுக்கும் நடுவில் உள்ளதற்குத்தான் காசு.

ராத்திரியில் வேறொரு மேடை.
ஒன்பது படம், படத்துக்கு ஏழு சொல்,
கட்டைவிரல் தள்ளத் தள்ள நகரும் கதை.
நான்காம் படம் முடிந்ததும்
யாரோ விற்கும் எதுவோ குறுக்கே வந்து நிற்கும்.
அது நிற்கும் நேரத்துக்குத்தான் காசு.

எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்:
சூரியன் உதிப்பதை யாரும் பார்ப்பதில்லை.
முகம் வேண்டும், அதில் ஒரு கேள்வி வேண்டும்.
முதல் படத்திலேயே பதில் சொல்லிவிட்டால்
இரண்டாவதற்கு ஆள் வராது.
நெட்டுக்குத்தாகப் பிடிக்கணும்.
செம்பனை அதற்குத் தோது.
ஆறு படுத்தே கிடக்கிறது,
விட்டுவிட்டேன்.

முனியாண்டி கோயில் தீமிதி, பதினெட்டாயிரம் பேர்.
ஓலைக்குள் சுருண்ட கருநாகம், முப்பதாயிரம்.
மகனுக்கு முதல் பல் விழுந்த கதை, நூற்றுப் பதினொன்று.
அதில் பாதி என் தங்கச்சி,
திரும்பத் திரும்ப.

அப்புறம்தான் பர்வதம்.
பஸ் நிலையத்துக்கு எதிரே குடைக்கடியில் வடை சுடுகிறவள்.
கேட்டுத்தான் பிடித்தேன்.
"மூஞ்சி வேணாம், கை மட்டும்."
மூஞ்சி இல்லாத கதை ஓடாது என்று தெரியும்.
ஆனாலும் பிடித்தேன்.
மாவில் முங்கிய கை,
கட்டைவிரலால் ஓட்டை போடும் கை,
எண்ணெய்க்கு மேலே
ஒரு கணம் தயங்கும் கை.
அங்கே நிறுத்தினேன், நான்காம் படம்.
வடை எண்ணெயில் விழுவதற்குள்
குறுக்கே வந்தது
உடம்பு இளைக்கும் தேயிலை.

காலையில் அறுபத்திரண்டாயிரம்.
மத்தியானம் லட்சத்தைத் தாண்டியது.
தோஹாவில் பார்க்கிறார்கள், டொரோண்டோவில்,
தூத்துக்குடியில் ஒருவர் பதினான்கு தடவை.
மேடையில் லாரியை நிறுத்திவிட்டு
நான் கைப்பேசியை எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.
இருபத்தொரு டன்னைப் பன்னிரண்டாக எழுதிவிட்டேன் போல.
ஜைனுடின் சீட்டைத் திருப்பி நீட்டினான்:
"அக்கா, பாதி லாரியைக் காணோம்."

சாயங்காலம் நல்ல மழை.
பர்வதத்திடம் காட்ட ஓடினேன்.
குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.
தட்டில் ஆறிப்போன வடை, நாற்பதுக்குக் குறையாது.
கைப்பேசியை வாங்கினாள்.
தள்ளினாள், பின்னால் வந்தாள்,
நான்காம் படத்தில் நின்றாள்.
"நகத்துல மாவு.
சொல்லியிருந்தா கழுவியிருப்பேன்ல."
அப்புறம் கேட்டாள்:
"லட்சம் பேரா? எங்க நின்னாங்க?"

மாதக் கடைசியில் அந்தக் கதைக்கு வந்தது
நாற்பத்தொரு வெள்ளி முப்பது காசு.
சரிபாதியை அவள் கையில் வைத்தேன்.
எதுக்கு என்றாள்.
உன் கைக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டாள்,
ஒரு வடை நாற்பது காசு.
ஐம்பத்தொரு வடையைக் காகிதத்தில் கட்டி,
மீதி இருபத்தைந்து காசையும் மேலே வைத்து,
"சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்ல."

ஐம்பத்தொரு வடையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
மறுநாள் மேடை ஏறிய ஒவ்வொரு டிரைவருக்கும்
சன்னல் வழியாக மும்மூன்று கொடுத்தேன்.
எண் நகரவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
என் மேடைக்கு எதுவும் தெரியாது.
கொட்டிவிட்டுத் திரும்பியவர்கள்
வாயைத் துடைத்தபடி கையெழுத்துப் போட்டார்கள்.
இதை நான் படம் பிடிக்கவில்லை.
இரண்டு கையிலும் வடை.

சாயங்காலம் சீட்டுக் கட்டை வாங்கிய கிராணி
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, ஓரமெல்லாம் கறை?"

"நம்ம எண்ணெய்தான் சார்," என்றேன்.