இடுப்பில் எத்தனை கணு

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை.
இரவு ஷிப்ட் வடிகட்டியில்
ஒரு எறும்பு.

கொதித்ததில் நிறம் போய்விட்டது.
ஆறு காலில் நாலு இல்லை.
சிவப்பா கறுப்பா என்று இனிக் கேட்க முடியாது.

மாவுப்பூச்சி மேய்க்கும் தோட்டத்து எறும்பென்றால்
சந்தூர் லோடுக்குப் பணம் பிடிப்பார்கள்.
கேட்டருகே திம்மராயன்
இன்னும் நிற்கிறார்.
“தோட்டத்துதுன்னே எழுதும்மா,” என்றார் சூப்பர்வைசர்.

லென்ஸை இறக்கினேன்.
அதற்கு ஒரே கணு,
அதுவும் வயிற்றுக்கடியில் பதுங்கியிருக்கும்.
இதற்கு இரண்டு, நிமிர்ந்து,
ஒன்றன்பின் ஒன்றாக.
உணர்கொம்பின் கடைசி மூன்று கண்ணி
குண்டாந்தடி மாதிரி.

நம் சுவர்தான்.
நான் பூசச் சொல்லி
யாரும் பூசாத விரிசல்.

இரண்டு என்று எழுதி
நாகரத்னா என்று கையெழுத்திட்டேன்.
கூழ் ஒட்டிய பேனா மூடியில்
ஒன்று ஏறி வந்தது,
உயிரோடு,
தேன் நிறத்தில்.