கால் வேகம்

பெருமாநல்லூர். ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட்,
தயிர்சாதம் கண்ணைச் சொருகும் நேரம்.
திரை இல்லை. சுண்ணாம்புச் சுவரில்
ஒரு காளைக்கன்றை நிறுத்தியிருக்கிறேன்.

யாரோ கைப்பேசியில் எடுத்து
இணையத்தில் விட்ட ஒன்றரை நிமிடம்.
குட்டியானை வண்டி. சாய்த்து வைத்த பலகை.
ஏறமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிய கன்று.
பின்னால் தள்ளுகிற ஒருவர்.
படலோரம் ஒரு பெண்.

முதலில், எந்திரம் தானாக எழுதும் வசனத்தைப் போட்டேன்.
கன்று கத்தியதற்கு
அது 'இசை' என்று எழுதியது.
சிரிப்பு அடங்க வெகுநேரம்.
ஒலியை அணைத்தேன். இனி உங்கள் வாய்தான்.

தரணிகா ஓட்டுநருக்குப் பேசினாள்:
'ஏறு சாமி, ஏறு கண்ணு, ராசாவாட்ட ஏறு.'
பூவரசன் கன்றானான்:
'ஏனுங், டிக்கெட்டு எடுத்துட்டீங்ளா?'
கடைசி பெஞ்சு மவுலீஸ் எழுந்து
ஏறுன்னாலே காளைதானுங் மிஸ்,
பேரச் சொல்லிக் கூப்புட்டா
அது எதுக்கு ஏறும் என்றான்.
பாடக்குறிப்பில் இது இல்லை.

லிப்சா பேசவில்லை.
ஒடிசாவிலிருந்து வந்து பதினோரு மாதம்.
அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்.
அவள் தமிழ் நான் கற்பித்ததல்ல,
பிசிறு வெட்டும் மேசைக்கடியில் பொறுக்கியது.
மறுபடி ஓட்டினேன். பலகை ஆடியதும்
அவளிடமிருந்து ஒரு சூப்பர்வைசர் குரல்:
'ஷிப்மெண்ட் லேட்டு. ஏறு ஏறு. நாளைக்குப் பேசலாம்.'
சுவரில் கன்று
அந்த நொடியே ஏறிவிட்டது.

கைதட்டினார்கள். அவள் உட்காரவில்லை.
'மிஸ், மெதுவா வைங்க.'
பாதி வேகம்.
'இன்னும்.'
கால் வேகம்.
நாற்பது தடவை பார்த்துப் பொறுக்கிய வீடியோ.
படலோரப் பெண்ணை
வாய் திறக்காதவள் என்றே வைத்திருந்தேன்.
உதடு அசைகிறது.
மூன்று எழுத்து. நான்காகவும் இருக்கலாம்.

ஒலியை வைத்துப் பார்த்தோம். வண்டியின் உறுமல்தான்.
திரும்ப அணைத்தோம்.
'தண்ணி குடிச்சுதான்னு கேக்கறாங்க.'
'இல்லீங், காச எண்ணச் சொல்றாங்க.'
உதடு ஒட்டுகிறதா பாருங்கள்,
ஒட்டாமல் பகரம் ஏது, மகரம் ஏது என்றேன்.
ஒட்டியது. ஒரேயொரு முறை, நடுவில்.
எழுத்துகளின் பிறப்பை
வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன்.
ஒருவரும் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை.
இன்று முப்பத்தெட்டு வாய்களில்
முப்பத்தெட்டு விரல்.
ப. ம. ப. ம.
எதிர் வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி அடித்தது. வீட்டுப்பாடம்:
அவள் என்ன சொன்னாள், ஒரே வரியில்.

இரவு நோட்டுகள்.
'பத்திரமுங்க' என்று பதினாறு பேர்.
'அப்பாடா' என்று ஒருவன், அது மவுலீஸ்.
லிப்சாவின் பக்கத்தில்
வட்ட வட்டமாய் ஒடியா எழுத்தில் ஒரு சொல்,
கீழே தமிழில்: இது தமிழ்ல எப்படி மிஸ்?

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.
அந்தச் சொல்லில்
உதடு எங்கே ஒட்டுகிறது என்று
நாளை அவளிடம் கேட்க வேண்டும்.