எது வரை

பிப்ரவரி. நூக் நகரில் நாலரை மணிக்கே
ஜன்னல் நீலமாகிவிட்டது.
அவியாயாவின் மேசைக்கு
வடக்கே ஊமன்னாக் ஃபியோர்டிலிருந்து
ஒரு கோப்பு வந்திறங்கியிருக்கிறது.
பதினாறாயிரத்துச் சொச்சம் வரிகள்,
நொடிக்கு நான்கு வீதம்.
வரிக்கு வரி ஆழம், சூடு, உப்பு.

அனுப்பியவன் இனுங்குவாக்.
ஹாலிபட் தூண்டிலுக்கென்று வெட்டிய பனித்துளையில்
மீன் ஏறி முடிந்த பிறகு
எஃகுக் குழாய் ஒன்றையும் இறக்கி ஏற்றுகிறான்.
தடவைக்கு இத்தனை குரோனர் என்று பேச்சு.

அவள் ஒரு ஃபங்ஷனை அழைக்கிறாள்.
அதன் பெயரைத் தமிழில் சொன்னால்: வரை.
வரை என்றால் தீட்டு.
வரை என்றால் எல்லையும்தான்.
அடைப்புக்குறிக்குள் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்,
எது வரை என்று கேட்காமலே
வரைந்துவிடும்.

வரைந்துவிட்டது.
மேலே வெதுவெதுப்பு, கீழே கடுங்குளிர்.
பள்ளிப் புத்தகத்தில் வருகிற மாதிரி
ஒழுங்கான கடல்.
காபி எடுக்கப் போனவள்
பாதி வழியில் நின்றாள்.

இந்த ஃபியோர்டில் அப்படிக் கிடையாதே.
இங்கே பனிக்கு அடுத்தாற்போல் பூஜ்யத்துக்கும் கீழே.
இருநூறு மீட்டர் தாண்டினால்தான்
அட்லாண்டிக்கிலிருந்து வந்த சூடு
பனியாற்றின் அடியை நக்கிக்கொண்டு கிடக்கும்.

ஃபங்ஷன் மேல் தப்பில்லை.
கணக்கு நோட்டுக்குப் பூஜ்யம் கீழே,
கடலுக்குப் பூஜ்யம் மேலே.
அச்சைத் திருப்பு என்று ஒரே ஒரு சொல் சேர்த்தாள்.
கடல் குட்டிக்கரணம் போட்டு
நேராக நின்றது.

முதல் இரண்டு மீட்டரில் உப்பு தாறுமாறாய்த் துள்ளியது.
குழாயில் காற்றுக் குமிழி. வழக்கம்தான், வெட்டினாள்.
ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில்
கோட்டில் ஒரு முடிச்சு.
இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.
இரண்டாயிரத்து அறுநூறு வரிகள்
ஒரே இடத்தில் மை கொட்டினாற்போல.
நேரத்தைக் கிடையச்சில் போட்டுப் பார்த்தாள்:
பதினோரு நிமிடம்.
மாடிப்படியில் ஒரு படியை மட்டும்
யாரோ அகலமாய்க் கட்டிவிட்ட மாதிரி.

வின்ச் சிக்கியதா? பேட்டரியா? கயிற்றில் சுறாவா?
கூப்பிட்டாள். மூன்றாம் முறைதான் எடுத்தான்.

"ஓ, அதுவா.
நாய்கள் பதினாலும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.
கயிற்றைப் பிடித்தபடி நானும் நின்றேன்.
பனி ஏதோ சொல்லியது.
மறுபடி சொல்கிறதா என்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை. மீதியை இறக்கினேன்.
அதற்குக் காசு பிடிப்பீர்களா?"

பிடிக்க மாட்டோம் என்றாள்.

அறிக்கைக்கு வழவழப்பான கோடு வேண்டும்,
கோபன்ஹேகனில் கேட்பார்கள்.
அதற்கும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.
நின்ற இடங்களை நறுக்கிவிட்டு
இறங்கிய இடங்களை ஒட்டிக் கொடுக்கும்.
ஓட்டினாள். பதினோரு நிமிடமும் போயிற்று.
கோடு அழகாகத்தான் இருந்தது,
கருவி ஒரே மூச்சில் அறுநூறு மீட்டர் இறங்கியதுபோல,
மேலே கயிற்றோடு
ஒருவரும் நிற்காததுபோல.

நிரலில் ஒரு வகை வரி உண்டு.
முன்னால் ஒரு குறி போட்டால்
கணினி அதைப் படிக்காமல் தாண்டிப்போகும்.
அங்கே எழுதினாள்:
212 மீ. 11 நிமிடம். கருவியில் கோளாறில்லை.
பனியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழன் இன்னொரு கோப்பு.
கோப்பு வந்துவிட்டால் ஆள் கரைக்கு வந்துவிட்டான்,
அது அவளுக்குத் தெரியும்.
என்றாலும், வரை என்று சொல்லுமுன்
கடைசி வரி வரை போய்ப் பார்த்தாள்.
ஆழம்: பூஜ்யம்.