தண்ணி மாறுதல்

அறிவித்தல் பலகையில் ஒரு வரிதான்:
மாறுபாடு. மூன்று படங்கள். கறுப்பு வெள்ளை மட்டும். வெள்ளிக்கு முன்.

புதன் பின்னேரத்துக்குள்
எங்கள் வகுப்பில் ஏழு பேர்
ஒரே சுவரை எடுத்து முடித்திருந்தார்கள்.
கண்டி வீதியில், கண்ணாடி ஹொட்டலுக்குப் பக்கத்தில்,
சன்னம் துளைத்த அந்தச் சுவர்.
அதற்கும் இப்போது தெரியும்
எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டுமென்று.

யூட் றெக்சன் உச்சி வெயிலில்
பண்ணைப் பாலத்துக்குப் போனான்.
தூண்டிலோடு ஒருவர், வெள்ளைச் சேட்டு.
படத்தில் சேட்டு எரிந்து கடலோடு கலந்துவிட்டது.
தொப்பிக்குக் கீழே வெறும் இருட்டு.
"முகம் எங்கையடா?" என்றாள் ஹஸ்னா.
"நான் பாக்கேக்க இருந்தது."
கண் இரண்டையும் வைத்திருக்கும்.
கமராவுக்கு அவ்வளவு கொள்ளாது.
ஆளை வைத்தால் வானத்தை விட வேண்டும்,
வானத்தை வைத்தால் ஆளை.
அவன் வானத்தையும் வைக்கவில்லை.

நான் சைக்கிளை உரும்பிராய்ப் பக்கம் விட்டேன்.
செம்பாட்டு மண், அதில் வெங்காயத் தாள்.
சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில்,
எல்லை வழக்குப் போட்டவர்கள் மாதிரி.
இதைவிட வேறென்ன வேண்டும்?
நாற்பத்தெட்டுப் படங்கள்.
வேலியோரம் பனை நிழலில் குந்தி
நிறத்தை விரலால் இழுத்துப் பூச்சியத்துக்கு விட்டேன்.

மண்ணும் தாளும் ஒரே சாம்பல்.

வரம்பு எது, பயிர் எது, ஒன்றும் பிரியவில்லை.
நனைத்துக் காயப்போட்ட சாக்கு ஒன்றை
நாற்பத்தெட்டுத் தரம் எடுத்திருந்தேன்.
நிறத்தை உரிந்தால்
வழக்காளிகள் இருவரும்
ஒரே நிறையில்தான் வெளிச்சத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

"என்ன பிள்ளை, வெங்காயத்துக்குக் கலியாணமே?"
மண்வெட்டியோடு இராசமலர் அக்கா.
கூலிக்கு வந்தவள், நின்று கதைக்க நேரமில்லை.
மிசின் உறுமியது.
வாய்க்காலில் நுரையோடு தண்ணி வந்தது.
ஒரு வெட்டில் பாத்தியின் வாயைத் திறந்து
அவள் தண்ணி மாறத் தொடங்கினாள்.

அப்போதுதான் கண்டேன்.
தண்ணி தொட்ட இடத்தில் மண் கறுத்தது.
தொடாத இடம் வெளிறி நின்றது.
கறுத்த மண்ணின் மேல்
ஒவ்வொரு தாளும் தனித்தனியாய் எழும்பி நின்றது,
இப்போதுதான் முளைத்ததுபோல.
நடுவில் அந்தக் கோடு:
நேராக இல்லை,
ஒரு புழுப்போல் நெளிந்து,
காய்ந்ததைத் தின்றபடி நகர்ந்துகொண்டிருந்தது.

முதல் படம், கோடு பாத்தியின் கால்வாசியில்.
இரண்டாவது, நடுவில்,
அவளுடைய வெறுங்கால் ஒன்று ஈரத்தில், ஒன்று புழுதியில்.

"காட்டு பாப்பம்," என்று வந்தாள்.
நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப்
போனைத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.
வெங்காயத்தைப் பார்க்கவில்லை.
"நான் இவ்வளவு கறுப்போ?
கொஞ்சம் வெளுப்பாக்கித் தாவன்."

ஒரு விரல் தூரம்தான்.
தள்ளினேன்.
அவளுடைய கால் வெளுத்தது,
கூடவே ஈரமும் வெளுத்தது,
கோடு போய்விட்டது.
திருப்பி இழுத்தேன்.
"இது பாடத்துக்கு அக்கா," என்றேன்.
சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

பனை நிழலில் நிற்கவைத்து
நிறத்தோடு ஒன்று எடுத்தேன்.
ஊதாச் சட்டை, தலையில் மஞ்சள் துவாய்,
சிரிக்கமாட்டேன் என்று சிரித்தது.
அவளுடைய நம்பருக்கு அனுப்பினேன்.
அது வகுப்புக்கில்லை.

திரும்பி வர, பாத்தி நிரம்பியிருந்தது.
கோடு அடுத்த பாத்திக்குப் போயிருந்தது.
இங்கே எல்லாம் ஒரே கறுப்பு.
தாள்களும் தண்ணிப் பாரத்தில் சாய்ந்துவிட்டன.

அதுதான் மூன்றாவது படம்.
மாறுபாடு எங்கே என்று கேட்பார்கள்.
முதல் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.