கடைமடை

நப்பின்னை ஓசூருக்கு வேலை மாறியபோது
கூண்டோடு விட்டுப் போனாள் குட்டியை.
கூண்டுக்குள் சொன்ன பேச்சு கேட்கும்.
கதவைத் திறந்து கூடத்தில் விட்டால்
நாலு காலும் நடுங்க
மின்விசிறியைப் பார்த்துக் குரைக்கும்.

"கொல்லையில கட்டிப் போடுங்க" என்றாள் செங்கமலம்,
இரவுப் பணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே.

முப்பது வருடமாய் வெண்ணாற்று மதகில் நிற்பவன் நான்.
ஷட்டரை ஒரேயடியாய்த் தூக்கினால்
கரை என்னாகும் என்று தெரியும்.

முதல் நாள் கூண்டை ஒட்டி அதன் சாக்கு.
மறுநாள் ஒரு முழம் தள்ளி.
மூன்றாம் நாள் இடி, மின்தடை;
திரும்பக் கூண்டுக்கே ஓடிவிட்டது.
போகட்டும்.
முறை வைத்துத் தண்ணீர் விட்டதில்லையா?

ஆனியில், காய்ந்த வாய்க்காலில்
புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க வேண்டும்.
நுரையும் சருகுமாய் முகர்ந்து முகர்ந்து
ஒரு வெடிப்பருகே நின்று,
அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து
அப்புறம்தான் அடுத்த அடி.

அப்படித்தான் நின்றது
சமையலறை நிலைப்படியில் ஒரு வாரம்.
உள்ளே தரையில் உட்கார்ந்து
மதகுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.
கூப்பிடவில்லை.
நாலு பொரி போட்டதோடு சரி.

நேற்று ராத்திரி
நப்பின்னையின் அறைவரை போய்விட்டது.
கட்டிலுக்கடியில் மூன்று சுற்றுச் சுற்றி
சின்னதாய் ஒரு குளம் விட்டு
அதன் கரையிலேயே தூங்கிப்போனது.

விடிந்து வந்த செங்கமலம்
ஈரத்தை மிதித்துவிட்டுக் கத்தினாள்.
"கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சு" என்றேன்.
துடைக்கிற துணியை என்மேல் எறிந்தாள்.

குட்டி
ஒரு கண்ணைத் திறந்து பார்த்து
மூடிக்கொண்டது.