சீனி முகமதின் ரத்தச் சீட்டு

சீட்டில் முதல் வரி:
சீனி முகமது, ஐம்பத்தொன்று, ஆண்.
ரத்தம் எடுத்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு
"பேர்லயே இருக்கே அண்ணே" என்றாள்.
ஆனால் சர்க்கரை இல்லை.
"இன்னும் இல்லை" என்று திருத்தினார் டாக்டர் பர்வீன்.
அந்த "இன்னும்" மேசைமேல் ஒரு படிக்கல் மாதிரி
நாங்கள் பேசி முடிக்கும்வரை இருந்தது.

கைப்பட்டி என் புஜத்தில் நிற்கவில்லை.
காற்று ஏற ஏறப் படபடவென்று பிரிந்தது.
"சின்னப் பட்டி கூட்டிச் சொல்லும்,
பெரிசை எடுத்து வா" என்றார்.
ஒரு நப்பாசை எனக்கு.
பெரிசு வந்தது, கட்டியது, சொன்னது:
நூற்று ஐம்பத்தெட்டு, கீழே தொண்ணூற்றெட்டு.

பிறகு விளக்கினார்.
இன்சுலின் ஒரு சாவியாம். செல் ஒரு கதவாம்.
சாவி போகிறது, கதவு திறக்கவில்லையாம்.
யாரிடம் சொல்கிறார்!
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
இருபத்தாறு வருஷமாய்
பழைய பூட்டை எடைக்கு வாங்கி
எண்ணிக்கைக்கு விற்கிறவன் நான்.

"திறக்கலேன்னா?"
"இன்னொரு சாவி வரும். அப்புறம் இன்னொன்று.
கணையம் ராப்பகலாய்ச் சாவி அடிக்கும்."
சீட்டில் முப்பத்தொன்று என்றிருந்த இடத்தை
பேனா முனையால் தட்டினார்.
ரத்தம் முழுக்கச் சாவிக்கொத்து.
அந்தக் குலுங்கல் சிறுநீரகத்துக்குக் கேட்குமாம்.
அது உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்,
உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்,
குழாய்களும் தம் பங்குக்கு இறுகிக்கொள்ளும்.
"அதான் இந்த நூற்று ஐம்பத்தெட்டு."

சரி டாக்டர்.
நான் ஒன்று சொல்லவா என்று கேட்கவில்லை,
வெளியே கூட்டம் இருந்தது.
திறக்காத பூட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் கடைக்கு.
சாவி தப்பில்லை. பூட்டும் தப்பில்லை.
பிரித்தால் உள்ளே எண்ணெய்.
இறுகும்போதெல்லாம் ரெண்டு சொட்டு விட்டிருப்பார்கள்,
அது தூசியைக் கூப்பிட்டிருக்கும்,
தூசி பிசினாகி, பிசின் காய்ந்து,
நாக்கு அசைய இடமிருக்காது.

என் இடுப்பு நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
கைலிக்குமேல் கட்டும் பச்சை பெல்ட்டில்
கடைசி மூன்று ஓட்டை நானே ஊசியால் குத்தியது.

திருடித் தின்றதில்லை. தொழில்.
பதினேழு பங்காளி கையெழுத்துப் போட்டு
ஒரு வீட்டுக் கதவை விற்கிறார்கள் என்றால்
விலை பேசுமுன் எனக்கு இலை விழும்.
தின்றவன் விலையை அடிக்கமாட்டான் என்று கணக்கு.
கணக்கு சரிதான்.
வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு நிலைப்படி,
கோழி வறுவலுக்கு நாலு தூண்,
பால் பாயசத்தில் ஒரு முறை
பெல்ஜியம் கண்ணாடியையே விட்டேன்.
நடப்பதும் குறைவு: டாட்டா ஏஸ் வாசல்வரை வரும்.
ராத்திரி கணக்கு எழுதும்போது
மூக்கடைத்து நான் விடும் மூச்சை
மகன் "லோடு ஏறுது" என்பான்.

போன வாரம் பள்ளத்தூர்.
மருத்துவச் சீட்டு சட்டைப்பையில்.
இலை போட்டார்கள்.
"ரெண்டு இட்லி போதும், சாம்பார் தனியா" என்றேன்.
வீட்டுக்காரர் அழகப்பன் முகம் விழுந்தது.
ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.
பக்கத்து அறையில் யாரோ
"அடிக்கத்தான் வந்திருக்கார்" என்றது கேட்டது.
அந்தச் சந்தேகத்தைத் துடைக்க
அன்றைக்கு ஆறாயிரம் கூடக் கொடுத்தேன்.
ஒரு இட்லி மூவாயிரம்.
டாக்டரிடம் இதைச் சொல்லவேண்டும்.

அங்கே வாங்கியதில் ஒரு பூட்டு,
கைக்குழந்தை கனம்.
மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன்.
திருகினால் சாவிதான் உடையும்,
ஊறவேண்டும், சுரண்டவேண்டும்,
திரும்ப ஊறவேண்டும்.

காலையில் மாத்திரை.
கடைக்கு நடந்து போகிறேன், கல்லுக்கட்டி வழியாக,
டாட்டா ஏஸ்காரன் பின்னாலேயே மெதுவாக வருகிறான்,
நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து.
கடையைத் திறந்ததும் பூட்டை எடுத்துத் துடைத்து
சாவியை விட்டுப் பார்த்தேன்.
கால் சுற்று.
அதற்குமேல் இல்லை,
இன்னும்.