நாலு பத்து

பழைய சோனகத் தெருவில் வாங்கிய பி.வி.சி. ஷீட்
ஓட்டோவில் என் மடியில் சுருண்டபடி வந்தது.
வெள்ளவத்தை வரும்வரை கால் மரத்துப்போயிற்று.

விஜேபால பாஸ் அதைப் பல்கனியில் விரித்து
வெயிலில் போட்டார். விறைப்புப் போகட்டுமாம்.
உடைத்த டைல்கள் உரப்பைகளில் லிஃப்டடியில்.
கமிட்டியிலிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம்.

தண்ணீரை நிறுத்துவது டைல் என்றுதான்
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
"டைல் சும்மா பாக்க, மிஸ்.
தண்ணி அதுல போகும், சிமெந்திலயும் போகும்.
நிப்பாட்டுறது இது.
இத ஒருத்தரும் பாக்குறதில்ல."

மூலைகளில் அவர் வெட்டவில்லை.
கலியாணக் கார்ட்டின் உறையைப் போல
உள்ளுக்கு மடித்து, மடிப்பை அழுத்தி,
சுவரில் உயரத்தில் மட்டும் ஆணி.
கீழே அடித்தால் என்னவாகும் என்று
சிங்களத்தில் நீளமாய்ச் சொன்னார்.
பாதி விளங்கியது. பாதியே போதுமாயிருந்தது.

வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி
காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து
நீர்மட்டத்தில் ஒரு கோடு.
பக்கத்தில்: 4.10.
நாளைக்கு இதே நேரம் வருவார்.
அதுவரை யாரும் தொடக்கூடாது.

கணுக்கால் மூடாத குளம்.
ஒவ்வொரு ரயிலுக்கும் நடுங்கியது,
பாணந்துறைக்கு ஒன்று, மருதானைக்கு ஒன்று.
டோர்ச்சோடு போய்ப் போய்க் கோட்டைப் பார்த்தேன்.

எட்டு மணிக்குக் கீழ்வீட்டு ஃபௌமியா பெல் அடித்தா.
நாலு மாதமாய் ஃபோனில் படம் கொண்டுவந்தவ.
மழை ஈரமாயிருக்கும் என்று
நாலு மாதமாய்ச் சொன்னவள் நான்.
"குளிக்க இடமில்லதானே.
கீழ வாங்க, குளிச்சிட்டுப் போங்க."

அவர்களுடைய வேப்பம் சவர்க்காரம்.
தலையில் நுரையோடு அண்ணாந்தேன்.
என் குளியல்கள் எல்லாம் அங்கே இருந்தன,
தேத்தண்ணீர் நிறத்தில், வளையத்துக்குள் வளையமாய்,
ஓரத்தில் பூச்சு செதில் செதிலாய்.
நேர் கீழே ஒரு வாளி.
வாளிக்குள் மடித்துப் போட்ட பழைய துவாய்,
சொட்டுற சத்தம் கேட்காமலிருக்க.

துவாயைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
ஆனாலும் பைப்பை மூடிவிட்டு
கண் எரிய எரிய நின்றேன்,
தலைக்கு மேல் என் குளம்.
"தேத்தண்ணி ஆறுது," என்றா வெளியிலிருந்து.

மறுநாள் நாலு பத்துக்கு
நீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே.
"காத்து குடிச்சது," என்றார் பாஸ்.
எனக்கு நம்பிக்கையில்லை.
படியால் இறங்கி ஓடினேன்.

கதவு திறந்தே கிடந்தது.
பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றுகொண்டு
கையை விரித்துக்
கூரைத் தட்டில் வைத்திருந்தா ஃபௌமியா.
"பேசாம இருங்க," என்றா,
"பாத்துக்கொண்டிருக்கன்."